பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லலாமா?

என் வீட்டுக்காரருக்குப் பக்தி வந்தது மெர்டேக்கா வந்த வருஷம். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த அதே வருஷத்தில்தான் மலாக்காவில், காஜா பெராங் பக்கத்தில், எங்கள் வீட்டுக்காரருடைய வாய்க்கு இருந்த சுதந்திரம் பறிபோயிற்று.

அவர் அரசாங்க அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. புதுச் சப்பாத்து கடித்து வலது கால் பெருவிரலில் ஒரு புண் வந்தது. இரண்டு வாரமாகியும் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்து, இனிப்பு நீர் என்றார்கள். "சீனி, வெல்லம் எதுவும் நாக்கில் படக்கூடாது. ஒரு மாதத்தில் ஆறாவிட்டால் விரலை எடுக்கவேண்டியதுதான்" என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். அவரைப் பார்த்துச் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று எப்படித்தான் கண்டுபிடித்தாரோ!

மனுஷனுக்குக் குலா மலாக்கா என்றால் உயிர். தென்னம்பாளைச் சாற்றைக் காய்ச்சி, மூங்கிலில் ஊற்றி, உருளையாக எடுக்கிற கறுப்பு வெல்லம். காப்பிக்கு அதுதான், தோசைக்கும் அதுதான். ரசத்தில்கூட ஒரு சில்லு போட்டுக்கொள்வார். நான் தலையில் அடித்துக்கொள்வேன். அன்றைக்கு வீட்டில் மூன்று உருளை இருந்தது. தூக்கி எறிந்திருக்கலாம். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று பிழைத்தவள் நான். தின்கிற பொருளைக் குப்பையில் போட எனக்குக் கை வராது.

அதனால் ஒளித்து வைத்தேன். அரிசித் தொட்டிக்குள் வைத்தேன். மறுநாள் அரிசி அளந்து தருகிறேன் என்று வந்து நின்றார். பத்து வருஷத்தில் அரிசித் தொட்டி எங்கே இருக்கிறது என்று கேட்காத மனுஷன்! விறகுக்குப் பின்னால் வைத்தேன். விறகு அடுக்கப் போனார். கடைசியில்தான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. சாமி அறையில், முருகன் படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டேன். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் தவிர அவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. போதாததற்கு முருகனே காவல் இருப்பார் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

நாலாம் நாள் காலையில் பார்த்தால், மனுஷன் தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, சாமி அறையில் விளக்கேற்றுகிறார். கதவு சாத்தியிருந்தது, மணிச் சத்தம் மட்டும் கணகணவென்று வந்தது. சாயங்காலமும் அப்படியே. அலுவலகம் விட்டால் நாலு பேரோடு நின்று கதை பேசிவிட்டு வருகிறவர், சைக்கிளை மிதித்துக்கொண்டு நேரே பூஜைக்கு வந்துவிடுவார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். "விரலுக்கு வந்த கேடு அவருக்கு நல்ல புத்தியைக் குடுத்திருச்சுக்கா!" என்று வாய் ஓயாமல் பீற்றிக்கொண்டேன்.

பக்தி வளர்ந்தது, புண் மட்டும் ஆறவில்லை. மூன்றாவது வாரம் விரலின் ஓரம் கறுக்கத் தொடங்கியது. நான் டாக்டரைத் திட்டினேன், மருந்தைத் திட்டினேன். அந்த வாரம்தான் சாமி அறைக் கதவுக்கு அடியில் எறும்பு வரிசையாகப் போவதைப் பார்த்தேன். கதவைத் தள்ளினேன். ஒரு கையில் மணி. முருகனுக்கு முன்னால் சின்னத் தட்டில் ஒரு துண்டு குலா மலாக்கா. ஐயாவுக்குக் கண் மூடியிருந்தது, வாய் அசைந்துகொண்டிருந்தது.

"என்னங்க இது?"

"நைவேத்தியம்."

"வாயில என்ன?"

"பிரசாதம். சாமிக்குப் படைச்சாச்சு. இனி அத வேணாம்னு சொல்லலாமா? நீயே சொல்லு லா!"

பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிச் சொல்லி வளர்த்தவளே நான்தானே. படத்துக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்தால் மூன்று உருளையில் அரை உருளைதான் மிச்சம். எனக்கு வந்த ஆத்திரத்தில் மணியைப் பிடுங்கித் தரையில் போட்டேன்.

"விரல் போயிரும்னு சொன்னாங்களே, காதுல விழலயா? நாளைக்குக் காலே போச்சுன்னா நானும் பிள்ளைங்களும் எங்க போவோம்?"

சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "சத்தியமா சொல்றேன், வாயில போட்டா ஒண்ணும் பெரிசா இல்ல. போடறதுக்கு முன்னாலதான் எல்லாம். நாலு மணி ஆச்சுன்னா கால் தானா வீட்டுக்கு ஓடுது. இந்த மணியத் தொட்டாலே எச்சி ஊறுது. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். பாவமாகவும் இருந்தது, ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது.

மிச்சத்தைத் தெருவில் செண்டோல் என்கிற ஐஸ் பாயசம் விற்றவரிடம் கொடுத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் பூஜையை மட்டும் விடவில்லை. ஊர் முழுக்க நான் பீற்றியிருந்தேனே, நிறுத்தவும் முடியாது! வெறும் துளசியைப் படைத்து, மணியடித்து, எச்சிலை விழுங்கிக்கொண்டு வெளியே வருவார். விரல் தப்பியது. நகம் மட்டும் திரும்ப முளைக்கவேயில்லை.

பிறகு இருபது வருஷம் இருந்துவிட்டுத்தான் போனார். அவருடைய திதிக்கு அவருக்குப் பிடித்ததையெல்லாம் படைப்போம். குலா மலாக்கா இல்லாமலா? ஒரு வருஷம் எனக்கும் இனிப்பு நீர் என்று சொல்லிவிட்டார்கள். மணியைத் தொட்டதும் அவருக்கு ஏன் எச்சில் ஊறியது என்று டாக்டராகிவிட்ட என் மகன்தான் விளக்கினான். "மூளையில ஒரு எடம் இருக்கும்மா. ருசியவிட, ருசி வரப்போகுதுங்கிற சேதிக்குத்தான் அது ரொம்பத் துள்ளும். அப்பாவுக்கு மணிச் சத்தம்தான் அந்தச் சேதி." நானும் பெரிய மனுஷியாகத் தலையாட்டினேன்.

அந்தத் திதியன்று மணியடித்தேன். வாயில் எச்சில் ஊறியது. காக்கைக்கு வைத்தது போக, தட்டில் ஒரே ஒரு துண்டு இருந்தது. மகன் கை நீட்டினான்.

"அப்பாவுக்குப் படைச்சதுப்பா. வேணாம்னு சொல்லலாமா?" என்றேன்.

"சொல்லக்கூடாதும்மா" என்று சொல்லி, முழுத் துண்டையும் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டான்.

பெற்ற பிள்ளையை அந்த மணியாலேயே ஒரு போடு போடலாமா என்று இருந்தது எனக்கு. ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டு, மணியை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன். என் வீட்டுக்காரர் மேல் இத்தனை வருஷமாக வைத்திருந்த கோபம் அப்போதுதான் போயிற்று.