திறக்காத தண்ணீர் பாட்டில்

சங்கரன்கோவிலில் தைக்கும் நைட்டிகளை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, ராஜபாளையம் வழியாக சிவகாசி வரை கடை கடையாகப் போய்ப் போடுவதுதான் என் பிழைப்பு. காலையில் கிளம்பினால் திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். கிளம்பும்போது என் கணவர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பித் தருவார். நான் குடிக்க மாட்டேன். குடித்தால் வழியில் எங்கே ஒதுங்குவது? ஆண்களுக்கு ஒரு கருவேலமரம் போதும். மதியச் சாப்பாடும் ஒரு வடையோடு சரி. வீட்டுக்கு வந்து பாட்டில் தண்ணீரைப் பிச்சிச் செடிக்கு ஊற்றிவிடுவேன்.

போன சித்திரை வெயிலில் திரும்பி வரும்போது, கரிவலம்வந்தநல்லூர் பக்கம் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வண்டியோடு ரோட்டில் சரிந்தேன். பின்னால் வந்த பஸ் பக்கத்தில் வந்து பிரேக் போட்டு நின்றது.

ரோட்டோரம் நுங்கு விற்ற அக்கா ஓடிவந்து என்னை நிழலில் உட்கார வைத்தார். வண்டியில் இருந்த பாட்டிலை எடுத்து வந்து பார்த்தார்.

"ஏட்டி, இவ்வளவு தண்ணிய வச்சுக்கிட்டா மயங்கி விழுந்த?"

காரணத்தைச் சொன்னேன். அவர் பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்தார்.

"நானும் காலையில இருந்து குடிக்கல. இங்கன எங்க போவ?" என்றார்.

இரண்டு பேருமாக அந்தப் பாட்டிலைக் காலி செய்தோம். பிறகு ஒருவருக்கு ஒருவர் காவல் நின்று மரங்களுக்குப் பின்னால் போய் வந்தோம்.

இப்போது இட்லி கட்டிக்கொண்டு போகிறேன், வழியெல்லாம் தண்ணீர் குடிக்கிறேன். கடைக்குள் நுழைந்ததும் ஆர்டருக்கு முன்னால் பாத்ரூம் சாவியைக் கேட்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சாவி வரும்வரை நிற்கிறேன்.

திரும்பும்போது கரிவலத்தில் வண்டியை நிறுத்துகிறேன். அந்த அக்கா தண்ணீர் குடித்து, போய் வரும்வரை நுங்கைப் பார்த்துக்கொள்கிறேன்.