ஓடம் ஒதுக்கிய படங்கள்

'ஓடம்' என்ற எங்கள் விண்கலம் நிலாவில் இறங்க வேண்டிய பிற்பகலில், என் உடன்பிறந்த மூத்தவளான லாத்தாவின் வீட்டில், பாம்பனில் இருந்தேன். ஓய்வுபெற்ற பேராசிரியனைக் கட்டுப்பாட்டு அறைக்கு யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாத இடத்துக்குப் போகிற ஆள் நானில்லை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. காற்று மட்டும் இன்னும் வரவில்லை.

விண்கலம் தானே வழி கண்டுபிடித்துப் போவதற்கான கணக்கைத்தான் காலமெல்லாம் போட்டேன். இறங்கும் நேரத்தில் பூமியிலிருந்து யாரும் கட்டளை அனுப்ப மாட்டோம். ஓடம் கீழே தெரியும் தரையைப் படம் எடுக்கும், தன்னிடமுள்ள வரைபடத்தோடு ஒப்பிட்டுத் தான் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளும். தன் கணக்கோடு ஒட்டாத படத்தைக் கோளாறு என்று ஒதுக்கிவிடும். கணக்கே தப்பாகிவிட்டால் சரியான படங்களைத்தான் ஒதுக்கும். இதை முதல் வகுப்பிலேயே சொல்லிப் பயமுறுத்துவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

இந்த ஓடத்துக்குப் பொறுப்பு என் மாணவி. இதற்காகக் கல்யாணத்தையே தள்ளிப்போட்டவள். மனசு கேட்காமல் அவள்தான் போனில் என்னைக் கூப்பிட்டு, திரையில் வருவதை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சார், தான் எங்க இருக்கோம்னு அதுக்கு அவ்வளவு துல்லியமா தெரியுதாம். பிழை குறைஞ்சுக்கிட்டே வருது."

போன் வழியே கட்டுப்பாட்டு அறையின் கைதட்டல் கேட்டது. நிலாவின் அந்தச் சாய்ந்த வெயிலில், நிழல் மண்டிய தரையைப் பார்த்து எந்த இயந்திரத்துக்கும் இவ்வளவு நிச்சயம் வரக்கூடாது.

"படங்களை எடுத்துக்குதா?"

"இல்ல சார். கொஞ்ச நேரமா எல்லாத்தையும் ஒதுக்குது."

"உயரமானி?"

"அது இன்னும் ரொம்ப மேலேயே இருக்கோம்னு காட்டுது. ஓடம் அதையும் ஒதுக்கிருச்சு."

லாத்தா தேநீரோடு வந்தாள். "ஏன் தம்பி, எல்லாரும் கைதட்டுறாக, நீ மட்டும் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?"

"சும்மா இரு லாத்தா" என்று எரிந்து விழுந்தேன். பாவம், தம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

போனில் அந்தப் பெண்ணிடம் என்னத்தைச் சொல்வது? சொன்னாலும் அவளால் இனி எதுவும் செய்ய முடியாது. எனக்குப் பயமாக இருந்தது. ஓடத்துக்காக இல்லை, அவளுக்காக.

பிறகு ஓடத்திலிருந்து செய்தி வந்தது. தரையைத் தொட்டுவிட்டதாம். கோளாறு ஏதும் இல்லையாம். தரையைத் தொட்டதாக நம்பினால் எஞ்சினை அணைத்துவிட வேண்டும் என்பதுதான் அதற்கு நாங்கள் கொடுத்திருந்த கடைசி வேலை.

"சார், எறங்கிருச்சு! எஞ்சின் ஆஃப் ஆயிருச்சு!" அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"உயரமானி என்னம்மா காட்டுது?" என்று கேட்டேன்.

"இன்னும் மேலேயே இருக்கோம்னு..." என்று தொடங்கினாள். சிரிப்பு நின்றது. அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.