அக்கா பக்கத்துக் கதவு

நடுவிரல் முட்டியால் கதவைத் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்கிறார். ஒரு சாண் தள்ளி மறுபடி தட்டுகிறார். தேநீர் குடிக்க வந்த இடத்தில் யாரோ நிறுத்திவிட்டுப் போன பிக்கப்பின் கதவு அது. வண்டிக்காரர் வந்து, "என்னங்க வேணும்?" என்று முறைத்தால், கொஞ்சமும் கூச்சப்படாமல், "உள்ள வெறும் தகரம்ங்க. பாட்டு போட்டா டப்பாவுக்குள்ள உக்காந்து யாரோ இருமற மாதிரி இருக்குமே, இருக்கா இல்லையா?" என்று கேட்பார். வண்டிக்காரர் யோசித்துவிட்டு, இருக்கு என்பார். பிறகு தேநீர் ஆறிப்போகும்வரை இருவரும் அந்தக் கதவைப் பார்த்தபடி நின்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

இவர் என் அக்காவின் கணவர். நான் மாமா என்று கூப்பிடுகிறேன், தெருவுக்குக் கண்ணாடிக்காரர். ஜன்னல்களுக்கு அளவெடுத்து, கண்ணாடி வெட்டி, கொண்டுபோய்ப் பொருத்துவது தொழில். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டபடி நானும் அங்கேதான் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்பதால், பட்டறைக்கு வருகிறவர்களிடம் என்னைப் "படிச்சவர்" என்று அறிமுகப்படுத்துவார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஒல்லியான ஆள். காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு மெழுகுப் பென்சில் இருக்கும். குளிக்கும்போதுகூட எடுப்பதில்லை என்று அக்கா சொல்வாள். பாட்டுக் கேட்பார், ஆனால் பாடவோ முணுமுணுக்கவோ மாட்டார். என்ன பாட்டு, யார் பாடியது என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. "பாடறவன் எங்க நிக்கறான்?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி.

ஸ்பீக்கர்மேல் அவருக்குக் கவனம் வந்தது ஆசையால் என்று சொல்ல முடியாது. பயத்தால் வந்தது. கண்ணாடி ஏற்றிப் போகிறவருக்கு வண்டியில் ஏதாவது 'கிர்ர்' என்றாலே கண்ணாடி விரிசல் விட்டுவிட்டதோ என்று தோன்றும். ஓரம் கட்டி, இறங்கி, பின்னால் சட்டத்தில் சாய்த்து நிறுத்திய கண்ணாடிகளையும் இடையில் செருகிய ரப்பர் துண்டுகளையும் தொட்டுப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருக்கும். ஏறிப் பாட்டைப் போட்டால் மறுபடி அதே 'கிர்ர்'. ஒருநாள் பாட்டை நிறுத்தியதும் அந்தச் சத்தமும் கூடவே நின்றது. அன்று மாலையே வண்டிக் கதவின் உள்பலகையைக் கழற்றிவிட்டார்.

உள்ளே இருந்ததைப் பார்த்துச் சிரிப்பு வந்ததாம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காகிதக் கூம்பு, அதன் முதுகில் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய காந்தம், சுற்றிலும் பிளாஸ்டிக் சட்டம். அதற்குப் பின்னால் பெரிய பெரிய ஓட்டைகளோடு வெறும் தகரம். கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் தள்ளும் காற்றும் அந்த ஓட்டைகள் வழியாகச் சந்தித்து ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால்தான் தாளம் சப்பென்று கேட்கிறது என்பதை அவர் பிற்பாடு கண்டுகொண்டார். பழைய இரும்புக் கடையில் கிடந்த கதவுகளைப் பிரித்துப் பார்த்தார். கைபேசியில் ஸ்பீக்கர் பொருத்தும் காணொளிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். "கம்பெனிக்காரன்மேல கோவப்படக் கூடாது மாப்ளே," என்பார் என்னிடம். "அவன் எடையப் பார்ப்பான், செலவப் பார்ப்பான். நம்ம காத அவன் எங்க பார்த்தான்?"

முதலில் ஸ்பீக்கரை மாற்றவே இல்லை. தார் பூசிய ஒட்டுத்தாள் வாங்கி வந்து, கதவின் ஓட்டைகளை அடைத்தார். ஸ்பீக்கருக்கும் உள்பலகைக்கும் நடுவில் பஞ்சு வளையம் வைத்தார். ஆடிய கம்பிகளைத் துணி சுற்றிக் கட்டினார். பழைய ஸ்பீக்கரே வேறு ஆளாகிவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ருசி கண்டுவிட்டார். பெரிய காந்தம் வைத்த ஸ்பீக்கர் வந்தது. வண்டியின் முன்கண்ணாடி மூலைகளில் கீச்சுக் குரலுக்குக் குட்டி ஸ்பீக்கர்கள் வந்தன. இருக்கைக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர் வந்தது. கடைசியாக ஒரு புது பிளேயர் வந்தது. அதில் ஒரு வசதி இருந்தது: எந்தக் கதவின் சத்தம் முன்னால் வர வேண்டும், எது கொஞ்சம் காத்திருக்க வேண்டும், எது ஓங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லலாம்.

அந்த வசதியோடு அவர் பல வாரங்கள் குடித்தனம் நடத்தினார். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு அவருக்குக் கிட்டே, அதை அடக்கினார். அக்கா பக்கத்துக் கதவு தூரம், அதை ஓங்கவைத்தார். ஒருநாள் சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்குக்கு மேலே காற்றில் விரலை நீட்டினார். "தோ, பாடறவ இங்க நிக்கறா மாப்ளே. மூக்குத்தி தெரியாத குறைதான்." பின்னால் இருந்த ஒடுங்கிய இருக்கையில் கண்ணாடித் துடைப்பான்களோடு உட்கார்ந்திருந்த எனக்குப் பாட்டு மட்டும்தான் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள்.

கண்ணாடித் தொழிலில் இரண்டாவது ஆள் வேண்டும். பெரிய கண்ணாடியை ஒருவரால் தூக்க முடியாது. கல்யாணமான நாளிலிருந்து அந்த இரண்டாவது ஆள் அக்காதான். நடுவில் கண்ணாடியை வைத்துக்கொண்டு எதிரெதிரே நடப்பார்கள். படியேறும்போது 'மெதுவா' என்றுகூடச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். அவர் தோள் இறங்கினால் அவள் தோள் ஏறும். வண்டியில் அவள் மடியில் கையுறை, அளவு நாடா, மதியச் சாப்பாடு எல்லாம் போட்ட ஒரு துணிப்பை இருக்கும். பாட்டு ஆரம்பித்ததும் அதைக் கதவோரம் நகர்த்திச் சாய்த்து வைத்துக்கொள்வாள். முழங்காலுக்கு மெத்தென்று இருக்கட்டுமென்று வைக்கிறாள் என நினைத்தேன். சில நாள் தலைவலி என்பாள். மாமா பதறிப்போய், "அந்தக் குட்டி ஸ்பீக்கர்தான் மட்டம். மாத்திடறேன்," என்பார். மாற்றியும் விடுவார். ஆனாலும் அக்கா பக்கத்துக் கதவு அவ்வப்போது மங்குகிறது என்று அவருக்கு ஒரு குறை. மங்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தை இன்னும் ஒரு புள்ளி ஏற்றிவைப்பார்.

மழைக்காலம் முடிந்த சமயம், அக்கா இனிமேல் வண்டியில் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். பட்டறையிலேயே இருந்து கண்ணாடி வெட்டுகிறேன், வாடிக்கையாளரைப் பார்த்துக்கொள்கிறேன், ஏற்றி இறக்க வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். சண்டையெல்லாம் இல்லை. காய்கறி வாங்கி வரச் சொல்வதுபோலச் சொன்னாள். மாமாவும் சரி என்றார். அன்று மாலை என்னோடு கடைக்கு நடந்து வரும்போது, எதிரே நின்ற மூன்று வண்டிகளைத் தட்டாமல் கடந்தார். பிறகு, "என்கூட வர்றது அவளுக்கு அலுத்துப் போச்சு போல," என்றார். இல்லை மாமா என்று சொல்ல எனக்கு என்ன ஆதாரம் இருந்தது? ஆமாம் என்று சொல்லவும் ஆதாரம் இல்லை.

வெல்டிங் பட்டறையில் இருந்த ஒருவர் வேலைக்கு வந்தார். நல்ல பலசாலி. நிறையப் பேசுவார். "விட்டுடவா அண்ணே, பிடிச்சுக்கவா அண்ணே?" என்று ஒவ்வொரு படியிலும் கேட்டார். ஒரு படியில் கேட்காமல் விட்டுவிட்டார். கண்ணாடி உடையவில்லை; மாமாவின் வலது உள்ளங்கை கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. வெல்டிங்காரர் மறுநாளிலிருந்து வரவில்லை.

ஒத்துக்கொண்ட வேலைகள் நின்றன. அக்காவுக்கு ஓட்டத் தெரியும். அவள் ஓட்ட, தூக்குவதற்கு நான் பின்னால் ஏற, கட்டுப்போட்ட கையோடு மாமா முதல்முறையாகத் தன் வண்டியில் அடுத்த இருக்கையில் உட்கார்ந்தார். சீட்டை முன்னே தள்ளினார், பின்னே தள்ளினார். "இங்க கால் வைக்க இடமே இல்லையே," என்றார். அக்கா துணிப்பையை அவர் மடியில் போட்டாள். பெரிய சாலைக்கு வந்ததும் அவர் பழக்கத்தில் பாட்டைப் போட்டார்.

அவர் உடம்பு ஒரு விரற்கடை ஓட்டுநர் பக்கம் நகர்ந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். கதவிலிருந்து மத்தளம் அவர் முழங்காலில் அடித்தது. மேலே கண்ணாடி மூலையிலிருந்து பாடகியின் குரல் நேராகக் காதுக்குள் இறங்கியது. அவர் கதவைப் பார்த்தார். பிளேயரைப் பார்த்தார். காயம்படாத கையால் மடியிலிருந்த பையை எடுத்து, அக்கா வைப்பதுபோலவே ஸ்பீக்கரை மறைத்துக் கதவோரம் சாய்த்து வைத்தார். வைத்த கை அங்கேயே நின்றுவிட்டது.

அதே நேரம் அக்கா சாலையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாள்: "ஏங்க, இங்க இவ்வளவு நல்லாவா இருந்துச்சு?"

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"பாடறவ என் எதிர்ல நிக்கற மாதிரி இருக்கு. இதுக்குத்தான் அந்தப் பாடு பட்டீங்களா?"

மாமா பாட்டைக் குறைத்தார். ஒரு பாலம் கடந்தது. அப்புறம், "நீ சொல்லியிருக்கலாம்," என்றார்.

"சொன்னேன். நீங்க போய் வேற ஸ்பீக்கர் வாங்கிட்டு வந்தீங்க."

பின் இருக்கையில் நான் அப்போது சிரித்திருக்கக் கூடாது. ஆனால் அக்காவும் சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. பையைத் திரும்ப மடியில் எடுத்துவைத்துக்கொண்டு, போய்ச் சேரும்வரை அந்தக் கதவின் சத்தத்தை முழுதாக வாங்கிக்கொண்டார். எத்தனை வருடம் ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கும் தெரியவில்லை. அக்காவுக்குப் பாட்டே பிடிக்காது என்று நான் எதை வைத்து முடிவு கட்டினேன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தையல் பிரிக்கும்வரை அக்காதான் ஓட்டினாள். மாமா பாட்டுப் போடவில்லை. போடச் சொல்லி அவளும் கேட்கவில்லை. பிரித்த பிறகு அவள் பட்டறைக்குத் திரும்புவதாகவும், மரக்கடையிலிருந்து ஒருவர் வண்டிக்கு வருவதாகவும் பேச்சு. அந்த நாட்களில் அவர் சாப்பிடும்போதும் கண்ணாடி துடைக்கும்போதும் எதையோ கணக்குப் போட்டபடி இருந்தார். எதற்கு இவ்வளவு யோசனை, இரண்டு இருக்கைக்கும் சரியாக வைத்துவிடலாமே என்று கேட்டேன்.

"முடியாது மாப்ளே. ஒருத்தருக்குச் சரியா வெச்சா இன்னொருத்தருக்குக் கெட்டுப்போகும்."

"நடுவுல வெச்சா?"

"ரெண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தப்பா இருக்கும்." சொல்லிவிட்டு வெகுநேரம் மேசையைத் துடைத்தார்.

தையல் பிரித்த மறுநாள் காலை கண்ணாடிகளை ஏற்றிக் கயிறு கட்டினோம். மரக்கடைக்காரரைப் போகும் வழியில் ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. நான் பின்னால் ஏறிக்கொண்டேன். மாமா ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார், வண்டியைக் கிளப்பவில்லை. பட்டறை வாசலில் நின்ற அக்காவிடம், "ஒரு நிமிஷம் உக்காந்துட்டுப் போம்மா," என்றார். கையில் ஒட்டியிருந்த கண்ணாடித் தூளைத் துணியில் துடைத்தபடி அவள் ஏறினாள்.

"கண்ண மூடிக்கோ. பாடறவ எங்க நிக்கறான்னு கை காட்டு."

"காலங்காத்தால என்ன விளையாட்டு?"

"காட்டேன்."

பாட்டு வந்தது. கண்ணை மூடியபடி அவள் தன் பக்கத்துக் கதவைக் காட்டினாள். அவர் பிளேயரின் குமிழை ஒரு புள்ளி திருப்பினார். விரல் கதவை விட்டுக் கண்ணாடி மூலைக்கு வந்தது. இன்னொரு புள்ளி. விரல் முன்கண்ணாடியின் மேல் நகர ஆரம்பித்தது. ஒவ்வொரு திருப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து அவளுக்கு நேர் எதிரே நின்றது. அவர் திரும்பிப் பார்த்தார். தன் பக்கம் இனி எப்படிக் கேட்கும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. குமிழிலிருந்து கையை எடுக்கப் போனார்.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. நீட்டிய விரலை மடக்கி, தடவிப் போய் அவர் கையைப் பிடித்தாள். அந்தக் கையாலேயே குமிழை இரண்டு புள்ளி அவர் பக்கமாகத் திருப்பினாள். பாடுகிறவள் இருவருக்கும் நடுவில், யாருக்கும் நேராக இல்லாத ஓரிடத்தில் வந்து நின்றிருக்க வேண்டும். பிடித்த கையை விடாமல், மற்றக் கையால் தோளுக்கு மேலிருந்து சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.