ஸ்டெல்லா மிஸ்ஸின் பதினொரு ஹொட்ஸ்பொட்

மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. தோட்ட மருந்தகங்களுக்காக நான் எழுதிய மென்பொருள், ஸ்டெல்லா என்ற மருத்துவமாதுவைக் கர்ப்பிணிகளின் பதிவேட்டைத் திறக்கவிடாமல் பூட்டிவிட்டது. கடவுச்சொல்லைப் பலருக்குக் கொடுத்திருக்கிறார் என்று தலைமை அலுவலகத்துக்குச் சந்தேகம். உண்மையானால் அவருக்கு வேலை போகும். விசாரித்து எழுதித் தருவது என் பொறுப்பு.

பண்டாரவளையில் காலை 6.15 பஸ். பதுளைக்கு ஒரு மணி பத்து நிமிடம். அங்கிருந்து பசறை ஏறத்தாழ பதினெட்டு கிலோமீட்டர். வளைவுகளில் வயிறு புரளும், சாப்பாட்டைத் தள்ளிப் போடுங்கள். பசறையிலிருந்து தோட்டத்துக்கு ஆட்டோ 900 ரூபாய்.

என் மென்பொருளில் ஒவ்வொருவருக்கும் நூறு நம்பிக்கைப் புள்ளிகள். பழகாத இணைப்பிலிருந்து நுழைந்தால் புள்ளி குறையும். நாற்பதுக்குக் கீழே போனால் பூட்டிக்கொள்ளும். ஸ்டெல்லா ஒரே மாதத்தில் பதினொரு இணைப்புகளிலிருந்து நுழைந்திருந்தார். பொய்தான் சொல்லப்போகிறார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

“பதினொரு பேருக்குக் குடுத்தீங்களா?” என்று மருந்தகத்தில் ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

“நான் குடுக்கலீங்க சேர். அவங்கதான் எனக்குக் குடுத்தாங்க.”

மருந்தகத்தில் சிக்னல் இல்லை. தொழிலாளர் வீட்டு வரிசைகளுக்கு, லயம் லயமாகப் போகும்போது, சிக்னல் கிடைக்கும் இடத்தில் யாராவது தம் போனில் ஹொட்ஸ்பொட் போட்டுக் கொடுப்பார்களாம். கடைக்கார நானா, சர்ச் ஃபாதர், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் கங்காணி. என்னை ஏற்றி வந்த ஆட்டோக்காரர் வாசலில் நின்றபடியே, “அதுல ஒண்ணு நம்ம போனுதாங்க” என்றார். பதினொரு பேர் ஸ்டெல்லாவை நம்பியிருக்கிறார்கள். நான் அந்த ஒவ்வொருவருக்காகவும் அவருடைய புள்ளியை வெட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

வேலையைச் சுருக்கிக்கொள்ள நினைத்து, கடவுச்சொல்லைச் சொல்லுங்கள், நானே நுழைந்து பார்க்கிறேன் என்றேன்.

“அது சொல்ல ஏலாதுங்க. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு டிரெய்னிங்ல சொல்லியிருக்காங்க.”

“இந்த மென்பொருளை எழுதினவனே நான்தான்.”

“இருக்கட்டும்ங்க. யாருக்கும்னா சேருக்கும்தான்.”

சிக்னல் உள்ள கடைவாசலுக்குப் போய், நானாவின் ஹொட்ஸ்பொட்டில் அவரே போனைத் திறந்து, திரையைக் கையால் மறைத்து, கடவுச்சொல்லை அடித்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றே விதியை மாற்றிப் பூட்டைத் திறந்துவிட்டேன்.

போகிறவர்களுக்கு: குடை வேண்டும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் ஆட்டோவை வரும்போதே பேசிவிடுங்கள். சிக்னல் இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவரைக் கேளுங்கள், தருவார்கள்.

அறிக்கையைத் திரும்பும் பஸ்ஸிலேயே எழுதினேன். கடவுச்சொல் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. ஆதாரம் என்ற இடத்தில் எழுதியது இவ்வளவுதான்: நானே கேட்டேன், தரவில்லை.