ஆற்றில் விடாத துண்டு

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கொழும்புத் துறைமுகத்தில் கொஞ்ச காலம் மூட்டை சுமந்துவிட்டு மதுரைக்கு வந்தபோது, வெள்ளைக்காரர் மில்லில் பேல் கட்டும் வேலை கிடைத்தது. நூலை அழுத்தி, கோணி சுற்றி, இரும்புப் பட்டை போடுவோம். தூத்துக்குடி வரை ரயில், பிறகு கப்பலில் சீமைக்கு.

அந்த மில்லில் சங்கம் சேர்த்தவர் ஒரு நூற்பு இயந்திரக்காரர். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து சைக்கிளில் சமயநல்லூரில் இருந்த வீட்டுக்குப் போனவரை, விளாங்குடி தாண்டியதும் மறித்துக் கம்பால் அடித்தே கொன்றார்கள். யாருடைய கூலிக்கு வந்த ஆட்கள் என்பது மில்லில் எல்லோருக்கும் தெரியும். சைக்கிளிலிருந்து விழுந்து செத்தார் என்று போலீசார் எழுதிக்கொண்டார்கள். பத்திரிகைகளில் ஒரு வரி வரவில்லை.

சீமை மில்களிலும் சங்கம் உண்டு, அங்கே ஒருவனை அடித்தால் ஊரே வேலையை நிறுத்தும் என்று கொழும்பில் கப்பலாட்கள் சொல்லிக் கேட்டிருந்தேன்.

"நம்ம பேலைப் பிரிக்கிறவனும் நம்மள மாதிரி ஆளுதாண்ணே. ரத்தத்தைக் கண்டா கேக்காம இருப்பானா?" என்றேன், என்னோடு பேல் கட்டியவரிடம்.

"வந்துட்டாருய்யா கப்பல் ராசா! ரத்தம் இங்கிலீசு பேசுமா மாப்ள?" என்று சிரித்தார். ஆனாலும், செத்தவரின் ரத்தத்துணியைப் பேலுக்குள் வைத்து அனுப்ப ஒப்புக்கொண்டார்.

செத்தவர் பஞ்சு படியாமலிருக்கத் தலையில் கட்டியிருந்த துண்டு, ரத்தம் காய்ந்தபடி அவர் மனைவியிடம் இருந்தது. கருமாதியன்று வைகையில் விடுவதற்காக வைத்திருந்தாள். முந்தின நாள் போய்க் கேட்டேன்.

"ஆத்துல விடலேன்னா அவுகளுக்கு ஆகாதுண்ணே."

"ஆறு யாருகிட்டம்மா போயிச் சொல்லப்போகுது? சீமையில கேள்வி கேப்பாக."

வெகுநேரம் மடியில் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தாள். நூல்கட்டுகளுக்கு நடுவே அதைச் செருகிப் பட்டை போட்டோம்.

அதன்பின் என்னைக் கண்டபோதெல்லாம் "சேதி வந்துச்சாண்ணே?" என்பாள். கப்பல் போய்ச் சேர வேண்டாமா என்பேன். மழைக்காலம் போய் வெயிலும் வந்துவிட்டது.

கடைசியில் மானேஜருக்குத்தான் சேதி வந்தது. பேலுக்குள் அழுக்குத்துணி கிடந்ததாம், நூலில் கறையாம். அவ்வளவுதான். யார் ரத்தம் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. பேலில் இருந்தது என்னோடு கட்டிய அண்ணனின் நம்பர். அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். என் பேரை அவர் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நானும் சொல்லவில்லை.

சமயநல்லூருக்குப் போனேன்.

"பாத்தாகளாண்ணே?"

"பாத்தாக."

"என்ன கேட்டாக?"

"நூலு கறையாயிருச்சாம்."

அவள் அழவில்லை. "அப்ப அந்தத் துண்டைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்க. ஆத்துலயாவது விட்டுர்றேன்" என்றாள்.

சொல்லுறேன் என்றேன். அந்த வாரமே ரங்கூனுக்குக் கிளம்பிவிட்டேன். ரயில் வைகைப் பாலத்தின் மேல் போனபோது, பெட்டியில் எல்லோரும் ஆற்றில் தண்ணீர் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.