ஏசி அறையில் முப்பத்தேழு பேர்

பத்தொன்பது வருஷம் புலிக்கூண்டைக் கழுவிய மனிதரைப் புலிக்காரர் என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? விலங்குக் காட்சிசாலையில் வாசல் காவலாளி முதல் டிக்கெட் கிழிக்கிற பெண் வரை எல்லோருக்கும் அவர் புலிக்காரர்தான். புலிக்கும் அவருக்கும் இருந்த உறவு, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று இறைச்சியைத் தள்ளிவிடுவதோடு சரி. ஆனால் அவர் சொல்லிக் கேட்டால் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த மாதிரி இருக்கும்.

முழங்கால் தேய்ந்துபோனதுதான் வினை. ஆடி முதல் வாரமே அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பாம்புக் கட்டடத்துக்குப் பின்னால், வைக்கோல் கிடங்கை ஒட்டி ஒரு சின்ன அறை. அதில் ஒரு ஏசி, ஒரு வெப்பமானி, இரண்டு கண்ணாடிப் பெட்டிகள். பெட்டிக்குள் ஈரக் காகிதத்தில் பதினோரு நத்தைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு.

"மத்ததெல்லாம் எங்க?" என்று கேட்டார்.

"மத்ததுன்னு எதுவும் இல்ல. உலகத்துலயே மொத்தம் இந்தப் பதினொண்ணுதான்," என்றார் ஆராய்ச்சி மேடம். நத்தைகளுக்கு அவர்தான் பொறுப்பு.

ஒரே ஒரு மலையின் மரங்களில் மட்டும் வாழ்ந்த இனமாம். எங்கிருந்தோ வந்த தடியன் நத்தை ஒன்று பெருகி, இவற்றைத் தின்று தீர்த்துவிட்டதாம். மலையில் அந்தத் தடியனை ஒழிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அது முடியும்வரை இவற்றை இங்கே பத்திரமாகப் பெருக்க வேண்டும். புலிக்காரர் பக்திசிரத்தையாகத் தலையாட்டினார். மனதுக்குள், தன்னை இதைவிடக் கேவலப்படுத்த நிர்வாகத்தால் முடியாது என்று நினைத்துக்கொண்டார்.

மனைவியிடம் ஒரே நாளில் மாட்டிக்கொண்டார். "சட்டையில நாத்தமே இல்லையே. லீவு போட்டுட்டு எங்கங்க சுத்தறீங்க?" என்று அவள் கேட்டதும் உண்மையைக் கக்கிவிட்டார். அவள் சிரித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது.

"அதுல ஆண் எது, பொண்ணு எது?"

"ஒவ்வொண்ணும் ரெண்டும்தானாம்."

"அப்ப வீட்ல சண்டையே வராது. குடுத்து வச்ச ஜன்மம்."

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்க வந்த அன்றைக்கே, பெண்ணின் அப்பா புலி வளர்க்கிறவர் என்று கேட்டு மயங்கிப்போன மனிதர். சம்பந்தி புலிக்காரர் என்று தன் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவைத்திருந்தார். அவரிடம் போய், அது புலி இல்லை, நத்தை என்று எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை. மகளும் வாயைத் திறக்கவில்லை.

வேலையோ, நினைத்த மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கும் வேலையாக இல்லை. எது எது என்று தெரிய ஒவ்வொரு ஓட்டிலும் நகப்பூச்சால் புள்ளி வைக்க வேண்டும். மீசை வைத்த மனிதர் கடையில் நின்று, "சிவப்பு இருக்கு, பச்சை குடுங்க, சீக்கிரம் காயறதா பார்த்துக் குடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் என்ன நினைப்பார்? நினைத்தார். மறுநாள் தெருவே நினைத்தது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை எண்ண வேண்டும். முதல் வாரத்திலேயே ஒருநாள் பத்துதான் இருந்தது. குனியக் கூடாத முழங்காலை மடக்கி இரண்டு மணி நேரம் தரையைத் தடவினார். கடைசியில் மேடம் வந்து, அவருடைய சட்டைக் காலரிலிருந்து அதை எடுத்துப் பெட்டியில் விட்டார்.

ஐந்தாம் வாரம், பச்சைப் புள்ளி செத்துப்போனது. பதிவேட்டில் ஒரு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். எழுதிவிட்டு, கொண்டுபோன சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்து வந்தார். காரணம் கேட்ட மனைவியிடம் வயிறு சரியில்லை என்றார்.

அதற்குப் பிறகுதான் ஆள் மாறினார். இலையை அரைத்துக் கூழாக்குவது, ஈரம் தெளிப்பது, இருபத்திரண்டு டிகிரியைத் தாண்டாமல் காவல் காப்பது என்று மூச்சு விடாமல் உழைத்தார். இந்த நத்தை முட்டை போடாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு குட்டிதான் போடும். கடுகளவு இருக்கும். முதல் குட்டியைப் பார்த்த அன்று, யாரிடமாவது சொல்ல வேண்டுமே என்று தவித்து, பாம்புக் கட்டடத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத குடும்பத்தை நிறுத்திச் சொன்னார். அவர்கள் வாழ்த்துச் சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்கள். பதினாலு, பத்தொன்பது, இருபத்தாறு என்று ஏறி, பத்தாம் மாதம் முப்பத்தேழில் வந்து நின்றது. மலையிலும் தடியன் தொலைந்துவிட்டதாகச் செய்தி வந்தது. பத்து மாத முன்னேற்றத்தை மேடையேறிச் சொல்ல மேடம் வெளியூர் மாநாட்டுக்குக் கிளம்பினார்.

அவர் போன மறுநாள், கொளுத்துகிற வெயிலில் காட்சிசாலையின் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. சரிசெய்ய இரண்டு நாள் ஆகும் என்றார்கள். இருந்த ஒரே ஜெனரேட்டர், புலிக்கு வைத்திருக்கும் இறைச்சியின் குளிர்பெட்டிக்குப் போய்விட்டது. புலிக்காரருக்கு அந்தப் புலியின் மேல் முதல்முறையாகக் கோபம் வந்தது. வெப்பமானி இருபத்தைந்தைத் தொட்டது.

மேடத்துக்குப் போன் போட்டார். "முப்பதைத் தொட்டா ஒண்ணுகூட மிஞ்சாது. பக்கத்துல எங்கயாவது ஏசி இருக்கா?" என்று மேடம் அழாத குறையாகக் கேட்டார்.

"எங்க வீட்ல இருக்கு மேடம். ஆனா..." என்று இழுத்தார் புலிக்காரர்.

அந்த ஆனாவுக்கு அர்த்தம் உண்டு. சம்பந்தி தம்பதி முதல்முறையாகத் தங்க வருகிறார்கள், அன்றைக்குத்தான். அவர்களுக்காகத்தான் இருந்த ஒரே படுக்கையறையில் ஏசி மாட்டி, புது விரிப்பு விரித்து வைத்திருந்தாள் மனைவி. அந்த விரிப்பின் மேலேயே கண்ணாடிப் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார்.

"வர்றவங்களை எங்கங்க படுக்க வைக்கறது?" என்றாள் அவள்.

"ஹால்ல."

"என் பொண்ணு அந்த வீட்ல வாழணுங்க."

"இதுங்களும் எங்கயாவது வாழணுமே," என்றார். சொல்லிவிட்டு அவருக்கே பயமாக இருந்தது.

நாலு மணிக்குச் சம்பந்திகள் வந்தார்கள், மகளோடு. மாப்பிள்ளைக்கு வேலை. படுக்கையறை பூட்டியிருந்தது. உள்ளே பெயின்ட் அடித்திருக்கிறது, காயவில்லை என்று மனைவி கூசாமல் சொன்னாள். கண்டக்டர் சம்பந்தி ஹாலில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து வேர்த்து வழிந்தார். ஆனால் கண் மட்டும் அந்தக் கதவை விட்டு நகரவில்லை. பெயின்ட் காய ஏசி எதற்கு? மணிக்கு ஒரு தடவை புலிக்காரர் தட்டுப் போட்டு மூடிய கிண்ணத்தோடு உள்ளே போகிறார். உள்ளே புஸ், புஸ் என்று ஒரு சத்தம். வெளியே வந்து பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார். முப்பத்திரண்டு வருஷம் திருட்டுப் பயணிகளைப் பிடித்த மூளை கணக்குப் போட்டுவிட்டது.

புலிக்காரரைக் கொல்லைப்பக்கம் அழைத்துப்போய்க் காதைக் கடித்தார். "எங்கிட்ட மறைக்காதீங்க சம்பந்தி. உள்ள இருக்கறது புலிக்குட்டிதானே?"

புலிக்காரர் இல்லையென்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. மீசையை மட்டும் ஒரு தடவை தடவிக்கொண்டார். சம்பந்திக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியைக் கதவிலிருந்து பத்தடி தள்ளிப் போட்டுக்கொண்டு, யாருக்கோ போன் செய்து, "இப்ப எதுவும் கேட்காதே, வந்து சொல்றேன்" என்று கிசுகிசுத்தார். வேர்வையைப் பற்றி ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அந்தக் கணத்தோடு எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். மகள் மானம், இவர் மீசை, நத்தைகளின் உயிர் மூன்றும் பிழைத்திருக்கும்.

இருட்டத் தொடங்கியதும் கொசு வந்தது. சம்பந்தி அம்மா எழுந்து ஒரு கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தி, காற்றுக்கு அணையாமல் இருக்க வாகான இடம் தேடி, படுக்கையறைக் கதவின் இடுக்கில் வைத்தார். புகை உள்ளே நுழைந்தது.

முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. பாய்ந்து வந்து சுருளை வெறுங்கையால் எடுத்து முற்றத்தில் வீசினார் புலிக்காரர்.

"கொசுவர்த்திக்கெல்லாம் புலி ஒண்ணும் ஆகாது சம்பந்தி," என்றார் கண்டக்டர் சமாதானமாக.

இதற்கு ஒரு பொய் தேடினார். கிடைக்கவில்லை. மகளைப் பார்த்தார். அவள் தலை குனிந்துகொண்டாள். சுட்ட விரலை வாயில் வைத்தபடி சொன்னார்: "உள்ள புலி இல்ல. நத்தை. முப்பத்தேழு. நான் புலியை விட்டு பத்து மாசம் ஆச்சு."

கதவைத் திறந்து காட்டினார். புது விரிப்பின் மேல், சொகுசான குளிரில், முப்பத்தேழும் நகராமல் உட்கார்ந்திருந்தன. சம்பந்தி குனிந்து பார்த்தார்.

"நத்தைக்கு ஏசி. எனக்கு ஹால்," என்றார்.

"புலி உலகத்துல ஆயிரக்கணக்குல இருக்கு சம்பந்தி. இது மொத்தமும் இந்தக் கட்டில்லதான் இருக்கு. இதுக்கு மேல ஒண்ணு எங்கயும் கிடையாது. பொய் சொன்னது தப்புதான். இதுங்களை உள்ள வச்சது தப்பில்ல."

சம்பந்தி சாப்பிட்டார், படுத்தார், காலையில் எழுந்தார், யாருக்கும் முகம் கொடுக்கவில்லை. தெருவில் நான் எப்படித் தலை காட்டுவேன் என்று தன் மனைவியிடம் மட்டும் சொன்னார். பத்து மணி பஸ்ஸுக்குப் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தார். மருமகளையும் கிளம்பச் சொன்னார். புலிக்காரரின் மனைவி அடுப்படியில் நின்று அழுதாள். புலிக்காரர் திண்டாடிப்போனார். அந்த முப்பத்தேழையும் தூக்கி எறிந்தால் மகள் சிரித்த முகத்தோடு போவாள் என்றால் எறிவாரா? மாட்டார். அது தெரிந்தபோதுதான் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

சம்பந்தி செருப்பில் காலை நுழைத்துக்கொண்டிருந்தார். மேலே சுழன்ற மின்விசிறி நின்றது. உள்ளே ஏசியின் இரைச்சலும் நின்றது. தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

சம்பந்தி செருப்பைக் கழற்றினார்.

"கதவைத் திறந்து வைக்காதீங்க, குளிர் வெளிய போயிடும். ஈரத்துணி எங்க? ஜன்னலுக்கு ஒண்ணு கட்டுங்க. பெட்டியை எறக்கித் தரையில வைங்க. ரெண்டு பேர் மட்டும் உள்ள போங்க, கூட்டம் போடாதீங்க."

பஸ்ஸை நடத்தின குரல். எல்லோரும் கட்டுப்பட்டார்கள். பெட்டிகளைச் சுற்றி ஈரத்துணி போர்த்தி, பழைய செய்தித்தாளால் முறை வைத்து விசிறினார்கள். சம்பந்தி அம்மா விசிறினார், மகள் விசிறினாள், அழுது வீங்கிய கண்ணோடு மனைவி விசிறினாள். வெப்பமானி இருபத்தாறில் நின்று, இருபத்தேழுக்குப் போய், இருபத்தேழிலேயே தயங்கியது. பத்து மணி பஸ் போய்விட்டது. பன்னிரண்டு மணி பஸ்ஸும் போனது. கரண்ட் வந்தபோது சம்பந்தியின் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் கிடைத்திருக்கும்.

புலிக்காரர் ஒவ்வொன்றாக எண்ணினார். "முப்பத்தேழு. எல்லாம் இருக்கு."

"முப்பத்தெட்டு," என்றார் சம்பந்தி.

"முப்பத்தேழுதான். பத்து மாசமா எண்ணறேன்."

"நான் முப்பத்திரண்டு வருஷம் எண்ணியிருக்கேன். நகராதீங்க." கண்ணாடியில் மூக்கு ஒட்டக் குனிந்து, ஈரக் காகிதத்தின் மடிப்பை விரலால் காட்டினார். கடுகளவு ஓடு ஒன்று, அந்தப் புழுக்கத்தில் பிறந்து, தலையை நீட்டி மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. "பாருங்க, டிக்கெட் எடுக்காம ஒருத்தன் ஏறியிருக்கான்."

புலிக்காரர் தரையில் உட்கார்ந்து அழுதார். யாரும் அவரைத் தேற்றவில்லை. சம்பந்தி அங்கேயே சப்பணமிட்டு, மருமகளிடம் சொன்னார்:

"வாசல்ல இருக்கற பெட்டியை உள்ள கொண்டுவந்து வைம்மா. சாயங்காலம் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்துட்டுத்தான் கிளம்பணும்."