கூரையில் ஓர் ஈரத் துவாய்

பள்ளி முகாமில் நெருப்பு மூட்டுவதற்காக மகள் இன்று முட்டை அட்டைக் குழிகளில் மரத்தூள் நிரப்பி, உருக்கிய மெழுகை ஊற்றினாள். அந்த வாசனையில், ஜேர்மனிக்கு வந்த புதிதில் நாங்கள் இருந்த, இப்போது கார் தரிப்பிடமாகிவிட்ட அகதி விடுதியின் சமையலறை திரும்பி வந்தது. என் பள்ளி முகாமுக்காக, மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளை அம்மா அங்கே உருக்கினார். புகைந்து அலாரம் அடித்தால் தீயணைப்பு வண்டி வரும், முடிவு வராத எங்கள் விண்ணப்பத்தில் அதுவும் ஏறிவிடும் என்று, அப்பா கதிரையில் ஏறி, கூரை அலாரத்தை ஈரத் துவாயால் பொத்திக்கொண்டு நின்றார்.

"இஞ்சேருங்கோ, கையை எடுத்திடாதேங்கோ," என்றார் அம்மா.

"கெதியா ஊத்தும், கை உளையுது."

மறுநாள் காட்டில் மெழுகு ஊற்றிய என் அட்டைத் துண்டுதான் ஈர விறகைப் பற்றவைத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் மரக்கிளைகளில் அலாரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.